'ஐ7'னு சொன்னதும் காசை நீட்டாதீங்க!



செமஸ்டர் லீவு விட்டாச்சு. அப்பாகிட்ட மூணு நாள் பேசி, அம்மாவோட ஏலச்சீட்டுப் பணத்துக்கு அடி போட்டு, 'ப்ராஜெக்ட்டுக்குத்தான்'னு சத்தியம் பண்ணி... ஒருவழியா 50 ஆயிரத்துக்கு ஓகே வாங்கிட்டீங்களா? (ப்ராஜெக்ட்டும் பண்ணுவோம்ல!) இந்தப் பணம் ஒரு தடவைதான் கிடைக்கும். தப்பான பெட்டி வீட்டுக்கு வந்துட்டா, அடுத்த சான்ஸ் வேலைக்குப் போய் சம்பளம் வாங்கின பிறகுதான். அதனால இந்த வாரம், முதல் கேமிங் கம்ப்யூட்டருக்குப் பார்ட்ஸ் தேர்ந்தெடுக்கிற வித்தை!

நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ஈஸியா புரியும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினது திண்டுக்கல் பூட்டு. விவரம் தெரிஞ்சவங்க பூட்டோட பளபளப்பைப் பார்த்து மயங்க மாட்டாங்க. 'உள்ளே எத்தனை லீவர்?'னுதான் கேட்பாங்க. கம்ப்யூட்டரும் அதே கதைதான். கலர் லைட்டை விட்டுடுங்க, உள்ளே என்ன இருக்குன்னு கேளுங்க.

பேரு பெருசு, வயசும் பெருசு!

'ஐ7 ப்ராசஸர், 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு... மொத்தமே இவ்ளோதான் தம்பி!' இப்படி ஒரு பழைய மெஷினைக் காட்டினா, உடனே 'எந்த ஜெனரேஷன் அண்ணே?'னு கேளுங்க. ஐ7-2600 வந்தது 2011-ல். அதுவும் ஐ7தான்! ஆனா, 2022-ல் வந்த குட்டி ஐ3-12100எஃப் அதை அசால்ட்டா முந்திடும். இன்னொரு சிக்கலும் இருக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் குறைஞ்சது 8-வது ஜெனரேஷன் வேணும். குறுக்கு வழியில் இன்ஸ்டால் பண்ணினாலும், டி.பி.எம். 2.0 இல்லாத போர்டில் 'வேலரன்ட்' திறக்கவே திறக்காது.

அந்த '4 ஜி.பி. கார்டு'? பெரும்பாலும் ஜி.டி. 730-யா இருக்கும். 2014-ல் வந்த சரக்கு. ஜி.பி.ங்கிறது குடோன் சைஸ் மாதிரி. உள்ளே வேலை பார்க்க ஆள் இல்லைன்னா குடோன் பெருசா இருந்து என்ன புண்ணியம்?

50 ஆயிரத்தை எப்படிப் பிரிக்கிறது?

முதல் கேள்வி பார்ட்ஸ் பத்தி இல்லை, நீங்க ஆடப்போற கேம் பத்தி. வேலரன்ட், ஜி.டி.ஏ. 5 போதும்னா பெரிய கிராபிக்ஸ் கார்டே வேண்டாம்.

ரூட் 1: மானிட்டர், யூ.பி.எஸ்., கீபோர்டு எல்லாமே புதுசா வாங்கணும்னா, ரைசன் 5 5600ஜி எடுங்க. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கு. ஆனா ஒரு கண்டிஷன்... 16 ஜி.பி. ராமை ஒரே குச்சியா வாங்காம, 8+8-ஆ ரெண்டு குச்சியா போடுங்க. உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் கடன் வாங்கும். ரெண்டு வழியில டேட்டா போனா கேம் ஓடுற வேகம் கண்ணுக்கே தெரியும். நாளைக்குக் காசு சேர்ந்ததும் கார்டு மாட்டிக்கலாம்.

ரூட் 2: மானிட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தா, மிச்சமாகிற காசைக் கார்டில் போடுங்க. ஆர்.எக்ஸ். 6600 மாதிரி 8 ஜி.பி. கார்டு 1080பி மானிட்டருக்கு அருமையா பொருந்தும். கூடவே ரைசன் 5 5600 அல்லது ஐ3-12100எஃப். கவனம்... இந்த ரெண்டுலயும் உள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டை அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டா, ஸ்கிரீன்ல அமாவாசைதான்!

கடைக்குப் போனதும் முதல்ல ராம் விலையைக் கேளுங்க. ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப்கள் போய்ச் சேர்ந்ததால 2025 கடைசியில் ராம் விலை எகிற ஆரம்பிச்சுது. போன வருஷம் சீனியர் போட்டுக் கொடுத்த பட்ஜெட் இன்னிக்குச் செல்லாது. ரொம்ப இடிச்சா ராமை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். அது லேசில் தேயாது. டெஸ்ட் பண்ணிட்டு வாங்குங்க.

கண்ணுக்குத் தெரியாத ஹீரோ

எல்லாரும் கஞ்சத்தனம் பண்ற இடம் எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோட இலவசமா வர்ற டப்பாவை நம்பிக் கார்டை மாட்டுறது, கயித்துக் கட்டில்ல யானையை உட்கார வைக்கிற கதை! ஆர்.எக்ஸ். 6600 இழுக்கிறது 132 வாட்ஸ், ரைசன் 5 5600-க்கு 65 வாட்ஸ் டி.டி.பி. '80 ப்ளஸ்' முத்திரை உள்ள நல்ல 450 வாட்ஸ் தாராளமாப் போதும். '700 வாட்ஸ்'னு ஸ்டிக்கர் ஒட்டின பேர் தெரியாத டப்பா வேண்டவே வேண்டாம். அது போகும்போது தனியாப் போகாது, மதர்போர்டையும் கூட்டிக்கிட்டுப் போகும்.

கிராமத்துப் பக்கம் இருக்கிறவங்க, மோட்டார் போட்டதும் லைட் மங்குற வீடா இருந்தா, யூ.பி.எஸ்ஸை லிஸ்டில் இருந்து அடிக்காதீங்க. 600 வி.ஏ. யூ.பி.எஸ். தர்றது சுமார் 360 வாட்ஸ்தான். கரன்ட் போனதும் கேமைத் தொடர இல்லை, ஒழுங்கா ஷட் டவுன் பண்ண! சிறுமலைக் காத்து ரூமுக்குள்ள வராது. சித்திரை வெயிலுக்குக் கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியா இல்லாம வலையா இருக்கட்டும். மாசத்துக்கு ஒரு தடவை தூசு தட்டுங்க.

எங்கே வாங்கலாம்?

வைகை எக்ஸ்பிரஸ் பிடிச்சு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போறது த்ரில்தான். ஆனா மிச்சம் பிடிக்கிற காசில் டிக்கெட், சாப்பாடு, பார்ட் கெட்டா மறுபடி போற செலவு எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க. விலை வித்தியாசம் கம்மியா இருந்தா, உள்ளூர் அண்ணன் கடையே மேல். எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் வாங்குங்க, அதுல ஒவ்வொரு பார்ட்டோட சீரியல் நம்பரும் இருக்கணும். 'பில் இல்லாம குறைச்சுத் தர்றேன் தம்பி'ன்னா, அவர் குறைக்கிறது விலையை இல்லை, உங்க வாரன்ட்டியை!

கடைசியா ஒண்ணு. லிஸ்ட்டை எழுதி அம்மாகிட்ட காட்டி, எது எதுக்குன்னு உங்களால விளக்க முடியுதான்னு பாருங்க. விளக்க முடியாத பார்ட்டுக்குச் சீட்டுப் பணத்தைக் கொடுக்காதீங்க.

அடுத்த வாரம்: ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவரோட, எல்லாத்தையும் நாமளே மாட்டுறது எப்படி? ரெடியா இருங்க!