வெள்ளை ஈயின் உடலுக்குள் ஒரு பிரயாணம்

காவிரிப் படுகையில், சம்பா அறுவடைக்குச் சில நாட்கள் முன்னதாக, ஈரம் காயாத வயலில் நிற்கும் நெற்பயிரினூடே விதைக்கப்படும் தரிசு உளுந்து, திட்டுத்திட்டாக மஞ்சளிக்கத் தொடங்கியதும், விவசாயி முதலில் நாடுவது பூச்சிமருந்துக் கடையைத்தான். அந்தப் பதற்றம் இயற்கையே. ஆயினும் மஞ்சள் தேமல் கண்ணுக்குத் தெரிந்தபின் அடிக்கும் மருந்தால் நோய்கொண்ட செடி குணமடையாது என்பதை நம் விவசாயப் பிரசாரம் போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

காரணம், அந்நோயின் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈயின் சரீரத்துக்குள் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தப் பூச்சி இலையின் அடிப்புறத்தில் அமர்ந்து, தன் ஊசிவாயைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகையில், அதனோடு நுழையும் வைரஸ், உணவுக்குழல் வழியே குடலை அடைந்து, குடற்சுவரைக் கடந்து, பூச்சியின் இரத்தத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் பிரவேசித்த பின்னரே அடுத்த செடிக்குச் செல்லும் தகுதியைப் பெறுகிறது. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். வைரஸின் மேலுறைப் புரதம் பொருந்தினாலன்றி அச்சுவர்கள் வழிவிடுவதில்லை. இதே பேரினத்தைச் சேர்ந்த தக்காளி இலைச்சுருள் வைரஸை இஸ்ரேலில் ஆராய்ந்தவர்கள், ஈயின் உடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஒரு புரதம், இரத்தத்தில் வைரஸ் சிதையாதபடி காக்கிறது என்று கண்டது எத்தனை ஆச்சரியமானது!

எல்லா நோய்களும் இவ்வழி செல்வதில்லை. நெல்லின் துங்ரோ வைரஸ் பச்சைத் தத்துப்பூச்சியின் உடலுக்குள் ஊடுருவாமையால், சில நாட்களில் அதன் பரப்பும் சக்தி தீர்ந்துவிடுகிறது. மாறாக, நெற்குட்டை நோயின் வைரஸ் தத்துப்பூச்சியின் உடலிலேயே பெருகி, முட்டைகளின் வழியே தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதை ஜப்பானிய அறிஞர் ஃபுகுஷி 1930களில் நிரூபித்தார்.

உளுந்தின் வைரஸோ, உமிழ்நீரை அடைந்துவிட்டால் பல நாட்கள் ஈயை விட்டு அகலுவதில்லை; ஒரு செடி மஞ்சளாகுமுன் அந்த ஈ வேறு பல செடிகளில் அமர்ந்து எழுந்திருக்கும். ஆதலால் வைரஸ் பூச்சிக்குள் புகும் சந்தர்ப்பத்தைக் குறைப்பதே உசிதமான உபாயம். வம்பன் 8 போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களை விதைப்பதும், விதை நேர்த்தி செய்வதும், முதலில் மஞ்சளிக்கும் செடிகளைத் தயங்காமல் பிடுங்கி அழிப்பதும் அதற்கான வழிகள். தை பிறக்குமுன் அவ்விதைகள் டெல்டாக் கிராமங்களை எட்டும்படி செய்ய வேண்டியது வேளாண்மைத் துறையின் கடமை.