மடை தெரியாத படங்கள்

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிப் பாசனத்தில் குளம் குளமாக உடைந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் குளமும் தப்பவில்லை. தண்ணி வடிந்ததும் பெரியப்பா கேட்டார்: "போன வருசம் மேல இருந்து படம் புடிச்சியேடே, அதுல கரை எப்படி இருந்துச்சுன்னு பாரு."

லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினேன். அந்திச் சூரியன் இருந்தது, தண்ணீரில் பனைகளின் நிழல் இருந்தது. மடை இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து பழுப்புப் பிக்சல்கள். "மடை எங்கலே?" என்றார். அந்தப் படத்துக்குத்தான் ஆயிரத்துச் சொச்சம் லைக் வாங்கியிருந்தேன்.

"மீடியம் ஃபார்மட் எதுக்குப்பா, எப்படியும் போன்லதானே பாக்கப் போறாங்க" என்பது நம் கேமரா நண்பர்களின் நிரந்தர வாதம். சுலோசன முதலியார் பாலத்துக்கு மேலே சூரிய உதயம் எடுக்க அது வேண்டாம்தான். சாட்சிக்கு வேண்டும். ஹாசல்பிளாட் முதன்முதலில் கேமரா செய்தது 1940-களின் தொடக்கத்தில், ஸ்வீடன் விமானப்படையின் வேவுக்காக. ஃபேஷன் படமெல்லாம் பிற்பாடு வந்தது.

கணக்கைப் பார்ப்போம். என் ட்ரோனின் சென்சார் சுமார் 17×13 மில்லிமீட்டர், 20 மெகாபிக்சல். ஃபூஜிஃபில்ம் ஜி.எஃப்.எக்ஸ். 100எஸ் 44×33 மில்லிமீட்டர், 102 மெகாபிக்சல். 170 மீட்டர் அகலத்துக்குக் கரையை நேர்கீழே பார்த்து எடுத்தால், முன்னதில் ஒரு பிக்சலுக்கு 3 சென்டிமீட்டர் தரை; பின்னதில் ஒன்றரை. மறுகால் சுவரில் இரண்டு விரல் விரிசல் ஒன்றில் கறையாக மங்கும், இன்னொன்றில் கோடாக நிற்கும். மடை பெரும்பாலும் மரத்தடி இருட்டில் இருக்கிறது, பக்கத்திலேயே தண்ணீர் கண்ணைக் கூசும். இரண்டையும் ஒரே சொடுக்கில் பிடிக்கப் பெரிய சென்சாருக்குத்தான் தெம்பு அதிகம்.

"தாழப் பறந்து பத்துப் படம் எடு, சாஃப்ட்வேர்ல தைச்சுக்கோ" என்பார்கள். பொட்டல் கரைக்குச் சரி, நானும் செய்திருக்கிறேன். ஆனால் தைக்கிற மென்பொருள் இரண்டு படத்திலும் அசையாத பொதுப் புள்ளிகளைத் தேடும். அலையடிக்கும் நீரிலும் காற்றில் சாயும் நெல்லிலும் அதற்கு எதைப் பிடிப்பது?

அதற்காக மீடியம் ஃபார்மட் கோஷ்டிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர்களும் லட்சக்கணக்கில் போட்டு வாங்கி, அதே அந்தி வெளிச்சத்துக்குத்தான் ஓடுகிறார்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டு 1/250 நொடி ஷட்டரில் எடுத்தால், அதற்குள் கேமரா 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 102 மெகாபிக்சலும் குழம்பு. நின்று எடு, அல்லது நடுப்பகலில் எடு. நடுப்பகல் வெயில் இவர்களுக்கு ஆகாது. படம் 'தட்டை'யாக இருக்குமாம். கரைக்கு அந்தத் தட்டைதான் வேண்டும்.

எடை ஒரு நிஜப் பிரச்சினை. கேமராவும் லென்ஸும் சுமக்கிற ட்ரோன் 2 கிலோவைத் தாண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி ஓட்டுநர் சான்றிதழ் கட்டாயம். தனியாளுக்குக் கட்டுப்படியாகாது, உண்மை. ஆனால் நம்மூர்ப் போட்டோகிராபி குழுக்களில் வருசாவருசம் கண்காட்சிக்குப் பணம் பிரிக்கிறோம். அதே பணத்தில், சான்றிதழ் உள்ள ஆளோடு, இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கலாம். மருதூர் அணைக்கட்டிலிருந்து கீழே இறங்கி, ஒவ்வொரு குளத்துக்கரைக்கும் ஒரு செட் படம், நேர்கீழே பார்த்து. யாரும் லைக் போடமாட்டார்கள்.

குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர் மட்டும் கட்டைவிரல் காட்டினார். சித்திரையில் குளம் வற்றும். பெரியப்பா மடையில் அடையாளத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.