வேலி அப்புறம், இடம் முதல்ல!

வீட்டைச் சுத்தி கொஞ்சம் மண் கிடந்தா போதும், காய்கறித் தோட்டம் போடணும்னு நம்மாளுங்களுக்கு ஆசை வந்துடும். நல்ல ஆசைதான். ஆனா இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கறாங்கன்னு பாத்திருக்கீங்களா? வேற எதுக்கும் உதவாத மூலை எதுவோ, அதுதான் தோட்டம்! காம்பவுண்டு சுவர் ஓரம், விறகு அடுக்கி வெச்சிருக்கற பக்கம், வீட்டுக்குள்ள இருந்து பாத்தா கண்ணுக்கே தெரியாத தூரம். அப்புறம் கோழி கிளறுது, ஆடு மேயுது, மயில் கொத்துதுன்னு ஒரே புலம்பல். உடனே வேலி. அது பத்தலைன்னு அதுக்கு மேல வலை.

காமர்ஸ் படிக்கறவன் புத்தியோ என்னவோ, எனக்கு இது நட்டக் கணக்காத்தான் தெரியுது. தப்பான இடத்தை இலவசமா எடுத்துக்கிட்டு, அதைக் காப்பாத்தறதுக்கு வருஷா வருஷம் செலவு பண்றோம். பாத்திக்கு முதல் காவல் வேலி இல்லீங்க, இடம்தான்.

பழைய வீடுகள்ல கீரைப்பாத்தி எங்க இருக்கும்? கிணத்தடியில, இல்லன்னா சமையக்கட்டு வாசலுக்கு எதிர்ல. தண்ணி வசதிக்காகன்னு நாம நினைக்கறோம். அது பாதி காரணம்தான். பாத்திரம் கழுவ, துணி துவைக்கன்னு நாள் முழுக்க அங்க ஆள் நடமாட்டம் இருக்கும். ஆடும் மயிலும் ஆள் அடிக்கடி வர்ற இடத்துக்குத் தயங்கித்தான் வரும். அப்படியே வந்தாலும் 'ச்சூ'ன்னு ஒரு சத்தம் போதும்.

வர்ற பிராணி எதுன்னு தெரிஞ்சா இடமும் தெளிவாயிடும். நாய்க்குச் சுவரோரமா ரோந்து போற பழக்கம் உண்டு. அந்தப் பாதையில பாத்தி போட்டுட்டு நாயைத் திட்டி என்ன பிரயோஜனம்? ரெண்டடி தள்ளிப் போட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி. பெருச்சாளி கல்லு குவியல், குப்பை மேட்டுக்குள்ள வளை போடும். அதுக்குப் பக்கத்துல மரவள்ளி நட்டா விருந்து வெச்ச மாதிரிதான். ஆடு பின்னங்கால்ல எழுந்து நின்னு சுவருக்கு மேலயும் எட்டும், அதனால தெருப்பக்கச் சுவரை ஒட்டி முருங்கைக் கன்னு வேண்டாம்.

பூனைக்குப் பொலபொலன்னு காஞ்ச மண்ணுதான் கக்கூஸ். இது வெறும் நாத்தப் பிரச்சினை இல்லை. பூனைக் கழிவுல இருந்து டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி பரவலாம், கர்ப்பமா இருக்கறவங்களுக்கு அது ஆபத்து. கீரைப்பாத்தி ஈரம் காயாம, தண்ணி கைக்கெட்டற இடத்துல இருக்கணும். மண்ணு மேல சருகோ தேங்காய் மட்டையோ பரப்பி வெக்கணும். கீரையையும் நல்லா அலசித்தான் சமைக்கணும்.

'வீட்டை ஒட்டிப் போட்டா வெயில் விழாதே'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. தக்காளி, கத்தரி மாதிரி காய்க்கற செடிக்குத் தினம் 6 மணி நேரமாவது வெயில் வேணும். கீரை அதைவிடக் கம்மியிலயும் சமாளிச்சுக்கும். அதனால வாசல் பக்கத்துல கீரை, வெயில் விழற திறந்த இடத்துல காய். அந்தத் திறந்த இடமும் ஜன்னல்ல இருந்து பாத்தா தெரியணும், அவ்வளவுதான்.

எங்க கோயமுத்தூர்ப் பக்கம் முன்னெல்லாம் கிளுவை வேலிதான். உயிர்வேலி, முள்ளும் உண்டு, யாரையும் கொல்லாது. இப்ப அதை வெட்டிட்டுக் கம்பி கட்டறாங்க. சில பேர் ஒரு படி மேல போய் அந்தக் கம்பியில கரண்ட் குடுக்கறாங்க. 2023 மார்ச்சுல தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில சிக்கி மூணு யானை செத்துச்சு. கூட வந்த ரெண்டு குட்டிங்க மட்டும் தப்பிச்சுது. இந்த மாதிரி வேலி மனுசனையும் கொன்னுருக்கு. மயிலுக்கு விஷம் வெக்கறதும் சின்ன விஷயம் இல்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம்.

காட்டோரத்துல இருக்கறவங்களுக்கு நான் சொன்ன விதி அப்படியே பொருந்தாதுங்கறதையும் சொல்லிடணும். வால்பாறை, கூடலூர் மாதிரி ஊர்ல வாழை, பலாவை வீட்டை ஒட்டி வெச்சா யானையை வாசலுக்கே கூப்பிட்ட மாதிரி ஆயிடும். அங்க எதை எங்க நடக்கூடாதுங்கறதுதான் முதல் கேள்வி. ஆனா அதுவும் இடத்தைப் பத்தின கேள்விதானே?

அதனால மண்வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் சும்மா கவனிங்க. வெயில் எங்க விழுது, நாய் எந்த வழியா ஓடுது, மயில் எந்தப் பக்கம் இறங்குது, வீட்டு ஆளுங்க எங்க அதிகமா நடக்கறாங்க. காசு செலவில்லாத வேலை. அதுங்களும் எங்கயாவது மேஞ்சுதானே ஆகணும்? அந்த வழியில இருந்து கொஞ்சம் தள்ளி நம்ம பாத்தியைப் போட்டுக்கறதுல நமக்கொண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை :-)