சிவப்பு வாலுக்கு எத்தனை அடித் தொட்டி?

கடைத் தொட்டியில் விரல் நீளத்தில் நெளியும் ரெட்டெயில் கெளுத்தியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது கஷ்டம்தான். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, குங்குமத்தில் தோய்த்தெடுத்த மாதிரி வால்.

பகலெல்லாம் மரக்கட்டைக்கு அடியில் அசையாமல் கிடக்கும். வாங்கியவர் ‘சாது’ என்று நினைத்துக்கொள்வார். விளக்கை அணைத்த பிறகுதான் ஆறு மீசைகளும் விழித்துக்கொள்ளும்; தரையைத் தடவித் தடவி வேட்டை தொடங்கும். ராத்திரி எட்டாக இருந்த நியான் டெட்ராக்கள் காலையில் எண்ணினால் ஐந்துதான் தேறும். வாய்க்குள் அடங்குவதெல்லாம் இதற்கு இரை. கூழாங்கல்லைக்கூட விழுங்கிவிட்டு அப்புறம் கக்கும் ஆசாமி!

சொந்த ஊரான அமேசான், ஓரினோகோ ஆறுகளில் இது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். பிரேசிலில் 2010இல் தூண்டிலில் சிக்கி உலக சாதனையான ஒன்றின் எடை 56 கிலோ. நம் வீடுகளில் இருப்பதோ நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டி. அதில் மூன்றடி மீன் நீந்துவது இருக்கட்டும், திரும்பவே முடியாது.

‘தொட்டிக்கு ஏற்றபடிதான் வளரும்’ என்பது சுத்தப் பொய். இடம் போதாமல் வளர்ச்சி குன்றினால் அது சீக்கு.

வளர்ந்துவிட்டால் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். பொது மீன் காட்சியகங்களிலும் எத்தனைக்குத்தான் இடம்? கடைசியில் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் விட்டுவிட்டு வருகிறார்கள். விற்கும் தொட்டியின் கண்ணாடியிலேயே, வளர்ந்த மீனின் நீளத்துக்கு ஒரு பட்டையை ஒட்டிவைக்கச் சொன்னால் என்ன?