தொழிலாளியின் மகளுக்கும் ஸ்கேன் வேண்டும்!

மாதாமாதம் வயிற்று வலியால் சுருண்டு படுக்கும் மகளைப் பார்த்து, "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துத்தான் ஆகவேண்டும்" என்று சொல்லிவிடுகிறோம். கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளி வீட்டிலும் சரி, திருவள்ளூர் வட்டாரத்தில் நாற்று நடும் தாயின் குடிசையிலும் சரி, இதே பேச்சுத்தான். கடையில் ஒரு மாத்திரை, விஷயம் முடிந்தது. இது சரியல்ல.

பள்ளிக்கூடம் போக முடியாத வலி, 7 நாள் கடந்தும் நிற்காத ரத்தப்போக்கு, 15 வயதாகியும் பூப்பெய்தாமை - இவற்றுக்கு டாக்டரிடம் போவது அவசியம். தேவையென்று கண்டால் அவர் அடிவயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொல்வார். தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிப் படுத்தால், வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அது ஒலி அலை, எக்ஸ்ரே அல்ல. ஊசியும் இல்லை. கட்டியோ, வெளியேற வழியின்றித் தேங்கிய ரத்தமோ இருந்தால் திரையில் தெரியும். "கல்யாணமாகாத பெண்ணுக்கு ஸ்கேனா?" என்று ஊர் பேசினால், அது வீண் பேச்சு.

இக்கருவி பிறந்த கதையைத் தோழர்கள் அறியவேண்டும். 1955-ல் ஸ்காட்லாந்தில், ஒரு பாய்லர் தொழிற்சாலையில் இரும்பின் விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவியைக் கொண்டே, டாக்டர் இயான் டொனால்டு உடற்கட்டிகளைச் சோதித்தார். 1958-ல் முடிவுகளை வெளியிட்டார். பட்டறையில் பிறந்த கருவி பட்டறைத் தொழிலாளியின் மகளுக்கு எட்டாக்கனியாவதா?

மறுபுறம், ஸ்கேனைக் காட்டி "நீர்க்கட்டி" என்று மிரட்டிக் காசு பறிப்பவர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். பூப்பெய்தி 8 ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனைக் கொண்டு அந்த நோயை முடிவு செய்யலாகாது என்று 2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. முதலில் டாக்டர், பிறகே ஸ்கேன்.

செலவுக்கு எங்கே போவது? ஈ.எஸ்.ஐ.க்காக, 2019 ஜூலையில் வந்த விகிதப்படி, கூலியில் 100 ரூபாய்க்குத் தொழிலாளி 75 காசும், முதலாளி 3 ரூபாய் 25 காசும் செலுத்த வேண்டும். தொழிலாளியை நம்பி வாழும் மணமாகாத மகளுக்கும் அதில் வைத்தியம் உண்டு. "காண்டிராக்ட் ஆள்" என்று சாக்குச் சொல்லிப் பெயர் பதியாத முதலாளி, அந்தப் பெண்ணின் வைத்தியத்தையே திருடுகிறார்.

விவசாயத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. சர்க்கார் ஆஸ்பத்திரியே கதி. திருவள்ளூரில் 2022-ல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நல்லதே. ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, கியூவில் நின்று, "நாளை வா" என்ற பதிலோடு திரும்புவதா வைத்தியம்?

ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் வளரிளம் பெண்களுக்கென வாரத்தில் குறித்த நாள், பெண் டாக்டர், இலவச ஸ்கேன் வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளர் அனைவரையும் ஈ.எஸ்.ஐ.யில் பதியவேண்டும். சங்கக் கூட்டத்தில் இதைப் பேசக் கூச்சம் வேண்டாம். கூலியைப் போலவே இதுவும் நமது கோரிக்கை. ஆலை வாயிலிலும் வயல் வரப்பிலும் இதை எழுப்புவீர்!