புளி போட்டுத் தேய்க்கும் புண்ணியவான்கள்

பழைய செப்புக்காசு ஒன்று கிடைத்துவிட்டால் போதும், நம்மவர்கள் கை முதலில் போகிற இடம் அடுக்களைப் புளிதான்! கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சாம்பல், நாலு தேய்ப்பு... காசு புத்தம்புதிதாய்ப் பளபளக்கும். உடனே ஒரு போட்டோ. இதற்குப் பெயர் நாணய சேகரிப்பாம்! உண்மையில் இதற்குப் பெயர் கொலை.

செம்பின் மேல் படியும் பழுப்புப் படலம் அழுக்கு அல்ல, அதுவே காசின் தோல். புளியின் அமிலம் அந்தத் தோலை உரிக்கிறது. சாம்பல் எழுத்தையும் உருவத்தையும் அரம் போல அராவுகிறது. தோல் உரிந்த காசைக் கட்டுமாவடி மாதிரிக் கடலோர ஊரில் வைத்தால் என்ன ஆகும்? உப்புக் காற்றின் குளோரைடும் ஈரமும் சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாக அரிக்க ஆரம்பிக்கும். 'வெண்கல நோய்' என்பார்கள். தேய்க்கும்போது போட்ட உப்பும் இதற்குத்தான் துணை போகிறது. மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினாலோ, அந்த உறையே நாளாவட்டத்தில் பிசுபிசுப்பான பச்சைக் களிம்பைத் தரும்.

புதுக்கோட்டை அம்மன் காசையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. ஓர் அணாவுக்கு இருபது காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு வழங்கிய காசு. (அன்று கட்டுமாவடி சமஸ்தானத்தில் இல்லை, தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. 1974இல்தான் புதுக்கோட்டை மாவட்டம் உருவானது.) இதில் ஆண்டு கிடையாது. கையால் அடித்ததா, இயந்திரத்தில் அடித்ததா என்று விளிம்பையும் எழுத்தின் அமைப்பையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தேய்த்துவிட்டால் எதைப் பார்ப்பது?

"பளபளவென்று இருந்தால்தானே விலை போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சரி, சந்தைக் கணக்கிலேயே பார்ப்போமே! பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனங்கள் 70 புள்ளி அளவில் தரம் போடுகின்றன. முரட்டுத்தனமாகச் சுத்தம் செய்த காசுக்கு அவை அந்த எண்ணையே தருவதில்லை, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறித்துத் தள்ளிவிடுகின்றன. ஆக, விலைக்காகத் தேய்த்தவருக்கு விலையும் போச்சு!

ஆனால் அந்தத் தரமே எல்லாம் என்று நினைப்பதும் தப்புதான். 1898இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளி வெட்டு! இன்றைய தரநிர்ணயத்தில் அவை 'சேதமடைந்தவை'. ஆனால் வரலாறு பேசுவது அந்த வெட்டில்தான். அந்தக் காசுகள் இனிச் செல்லாது என்று இங்கே யாரோ தீர்மானித்து வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. யாராவது 'அழகுபடுத்த' அந்த வெட்டை ராவியிருந்தால்?

இந்த நோய்க்கு மூலம், "உங்கள் பழைய காசுக்கு லட்சம் ரூபாய்" என்கிற ஆசை வியாபாரம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கும் மோசடிகள் பெருகி, 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை விட வேண்டி வந்தது. காசைப் படிக்கத் தெரியாதவன் விலையை மட்டும் கேட்பான். விலையை மட்டும் கேட்பவன்தான் புளியைத் தேடுவான்.

செய்ய வேண்டியது ரொம்பச் சுலபம். காசை விளிம்பில் பிடியுங்கள். மண் ஒட்டியிருந்தால் டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பி.வி.சி. இல்லாத உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். எங்கே, எப்போது, யாரிடம் கிடைத்தது என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். அந்தச் சீட்டு இல்லாத காசு, முகவரி கிழிந்த கடிதம்.

புளி குழம்புக்கு இருக்கட்டும் ஐயா!