கோட்டைக் காவலரும் தாய் ஈந்த சிறுநீரகமும்

திருமயம் மலைக்கோட்டை சேதுபதி மன்னர் காலத்தில், 1687-இல் எழுந்தது. அதன் மதில்களில் நின்ற காவலர் அறியாத முகம் எதனையும் உள்ளே விட்டிருக்கமாட்டார். நம் உடலும் அத்தகையதொரு கோட்டையே. குருதியிலுள்ள வெள்ளணுக்களே அதன் காவலர். வந்தது நோய்க்கிருமியா, பெற்ற தாய் மனமுவந்து ஈந்த சிறுநீரகமா என்று அவை பார்ப்பதில்லை. நம்முடையதன்று எனக் கண்டவுடன் தாக்குகின்றன.

1954-இல் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜோசப் மர்ரே சிறுநீரகத்தை வெற்றியுடன் மாற்றிப் பொருத்தியபோது இவ்விடர் எழவில்லை. ஈந்தவரும் பெற்றவரும் ஒரே கருவினின்று உருவான இரட்டையர். அப்பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல், இந்தியாவிலேயே முதன்முறையாக, இச்சிகிச்சை வெற்றி கண்டது. காவலரை அடக்க அந்நாளில் உலகெங்கும் பெரிதும் பயன்பட்டவை அசதையோபிரினும் ஸ்டீராய்டுமே. பின்னரே, நார்வே நாட்டு மண்ணில் வாழ்ந்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரினும், ஜப்பானிய மண்ணின் நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸும் கிடைத்தன. காலடி மண்ணில் இத்தகைய மருந்து ஒளிந்திருந்தது வியப்பன்றோ!

இவை செயற்படும் வகை வேறுவேறு. டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும், காவலணு மற்றவற்றை அழைக்க எழுப்பும் அபாயக் குரலை அடைத்துவிடுகின்றன. மைக்கோபினோலேட், அசதையோபிரின் ஆகியன அவ்வணுக்கள் பல்கிப் பெருகாமல் தடுக்கின்றன. ஸ்டீராய்டு அழற்சியையே தணிக்கிறது. காவல் தளர்வதால் சிறுநீரகம் பிழைக்கிறது. அதே தளர்வால் காசநோய் போன்ற தொற்றுகளும் எளிதில் நுழைகின்றன. நாளடைவில் சில புற்றுநோய்களுக்கும் வாய்ப்பு மிகுகிறது.

மருந்துகளின் சொந்தத் தொல்லைகளும் உண்டு. ஸ்டீராய்டு முகத்தை உப்பவைக்கும்; எலும்பை நலிவிக்கும். டாக்ரோலிமஸ் கைநடுக்கமும் நீரிழிவும் தரலாம். சைக்ளோஸ்போரின் ஈறுகளைத் தடிக்கச்செய்து, உடலில் மயிர் வளரச்செய்யும்; பெண்பிள்ளைகள் இதற்காக மனமுடைவதுண்டு. விந்தை யாதெனில், எந்தச் சிறுநீரகத்தைக் காக்க இவ்விரண்டும் தரப்படுகின்றனவோ, அளவு மிஞ்சின் அதனையே இவை கெடுக்கும். ஆகவேதான் அடிக்கடி குருதிச் சோதனை.

நம் பங்கில் தாயிடம் சிறுநீரகம் பெற்ற இளைஞர் ஒருவர், "முகம் பூசணிக்காய் போலாகிவிட்டது, சாமி, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரையை நிறுத்தலாமா?" என்று நம்மைக் கேட்டார். உடம்பு நன்றாயிருப்பதே மாத்திரையால்தான் என்றோம். நிறுத்தினால் காவலர் விழித்துக்கொள்வர். பத்தாண்டு கழிந்தும் அவர்கள் அந்த விருந்தாளியை ஏற்றுக்கொண்டுவிட்டதாக எண்ணக்கூடாது. முகவீக்கத்தை மருத்துவரிடமே சொல்லலாம். அவர் ஸ்டீராய்டின் அளவை மெல்லக் குறைக்கும்போது அது பெரும்பாலும் வடியும். உறவினரும் "ஏன் இப்படி ஊதிவிட்டாய்?" என வினவுவதை விட்டால் நலம்.

டாக்ரோலிமஸ் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை உண்ணப்படுவது. குருதிச் சோதனை நாளில் மட்டும், குருதி எடுத்த பின்னரே காலை மாத்திரை. ஞாயிறு திருப்பலிக்காக அதனைத் தள்ளிப்போடுவாரும் உளர், தேவையில்லை. நற்கருணைக்கு முன் காக்கும் ஒருமணி நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை என்பது திருச்சபைச் சட்டம். பம்பளிமாஸ் இனப் பழங்கள் குருதியில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் பல சிறுநீரகத்தைத் தாக்கும். நாட்டு மருந்தாயினும் மருத்துவரைக் கேளாமல் வேண்டா. மைக்கோபினோலேட் உண்ணும் பெண் தாய்மையை நாடினால், கருவுறுமுன்னரே மருத்துவரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ளவேண்டும். காய்ச்சல் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படவேண்டும்.